தடவிப் பார்க்கும் தேதிகள்

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து வெடித்தபோது காளீஸ்வரனுக்கு உயிர் மிஞ்சியது; கண் இரண்டும் போய்விட்டன. வீட்டுப் பாடு முழுவதும் மனைவி பானுப்பிரியாவின் தலையில் விழுந்தது. சிவகாசியில் ஜெயச்சந்திரன் அண்ணாச்சியின் அச்சகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. கடைக்காரர்கள் புது வருசத்துக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் டைரிகளின் அட்டையில் பெயர் பதிக்கிற வேலை. தங்கநிறத் தாளின் மேல் சூடான பித்தளை அச்சை வைத்து அழுத்தினால் எழுத்து மின்னும். சில ஆர்டருக்கு மினுமினுப்பு வேண்டாம் என்பார்கள். எழுத்து அட்டையிலிருந்து புடைத்து நிற்கும். அதற்கு எம்போஸ் என்று பெயர்.

காளீஸ்வரன் பகலெல்லாம் கட்டிலில் கிடந்தான். யார் பேச்சுக் கொடுத்தாலும் எரிந்து விழுந்தான். ஒருநாள் சோற்றுச் சட்டியை மூட அவள் கொண்டுவந்திருந்த கழிவு அட்டை அவன் கையில் பட்டது. வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தான்.

"இதுல பொன்மணி ஸ்டோர்ஸ்னு போட்டிருக்கா, புள்ள?"

அப்படித்தான் போட்டிருந்தது. பானுப்பிரியா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அதன்பிறகு அண்ணாச்சியிடம் கேட்டுக் கழிவு அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் படித்துத் தீர்த்தவன் கடைசியில் ஒன்று கேட்டான். இன்றைக்கு என்ன தேதி என்று தினமும் அடுத்தவரைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஒரு காலண்டர் செய்து தர முடியுமா?

மதிய இடைவேளையில் அவள் பித்தளை எண்களைக் கோத்துத் தடித்த அட்டையில் அழுத்தினாள். எண்கள் பள்ளமாக விழுந்தன, அவனுக்குப் பிடிபடவில்லை. அடுத்த தடவை அட்டையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் அழுத்தினாள். இப்போது முன்பக்கம் நன்றாகப் புடைத்து வந்தது. அவன் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். விபத்துக்குப் பிறகு அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"கண்ணாடியில பாக்குற மாதிரில்ல இருக்கு. அம்புட்டு நம்பரும் திரும்பி நிக்குது."

எண்கள் நேராகப் புடைத்து நிற்க வேண்டுமானால் அதற்கென்று தனி அச்சு வெட்டாமல் முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. தயங்கித் தயங்கி அண்ணாச்சியிடம் சொன்னாள். அவர் மிச்சம் கிடந்த பித்தளைத் தகடுகளைத் தானே எடுத்துக்கொண்டு அச்சு வெட்டும் செழியனிடம் போனார். காலண்டரின் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒன்றாகப் பன்னிரண்டு அச்சுகள் வந்தன. அவற்றால் அடித்த காலண்டர் காளீஸ்வரன் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

விருதுநகரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ராஜபாண்டியன் டைரி மாதிரி பார்க்க வந்தவர், அச்சக மேசையில் கிடந்த அந்தக் காலண்டரின் பிரதி ஒன்றை எடுத்துக் கண்ணை மூடித் தடவினார். பார்வை இல்லாதவர்களுக்குக் கொடுக்கத் தன் கடைப் பெயரும் புடைத்து நிற்கிற மாதிரி அதே காலண்டர் வேண்டும் என்று அங்கேயே ஆர்டர் கொடுத்தார்.

அடித்ததைத் தடவிப் பார்த்துச் சொல்லக் காளீஸ்வரனையே கூட்டிவரச் சொன்னார் அண்ணாச்சி. அடித்து வந்த முதல் கட்டைத் தடவியதுமே அவன் வேலையை நிறுத்தினான்.

"ஆறும் எட்டும் ஒண்ணு போலத் தெரியுது அண்ணாச்சி. ஆறுக்கு வாயை நல்லாத் தொறந்து வெட்டச் சொல்லுங்க."

செழியன் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி வெட்டிக் கொடுத்தான். இப்போது புது வருச சீசன் முடிகிறவரை காளீஸ்வரனுக்கு அங்கே வேலை இருக்கிறது. மதியம் மனைவியோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஒன்பதின் வால் நீளமாக இருக்கிறது என்று செழியனோடு அவன் போடுகிற சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை.