தாண்டிய பாலம் நினைவில்லை

நான் பொள்ளாச்சியிலிருந்து தாராபுரத்துக்குப் பஸ் ஓட்டுகிறவன். அஞ்சாவதோடு படிப்பு நின்றது. எதற்கும் பயப்படுகிற சுபாவம். வழியில் கைப்பிடிச் சுவரில்லாத பாலம் ஒன்று உண்டு. அங்கே தினமும் நெஞ்சு படபடக்கும்.

போன மாதம் முழுக்கத் தினமும் ஒன்றுக்கு இரண்டு நடை, சரியான தூக்கமில்லாமல் ஓட்டினேன். சோறு ருசிக்கவில்லை, வீட்டில் யார் பேசினாலும் எரிச்சல். ஆனால் பஸ் ஒரு நாளும் நேரம் தவறவில்லை. முதலாளிக்கு ஒரே பெருமை.

ஒரு நாள் கண்டக்டரிடம், "ஏனப்பா, பாலம் இன்னும் வரலையே?" என்றேன்.

"அதைத் தாண்டி அரை மணியாச்சுங்ண்ணா. தூங்கிப்போட்டீங்களா?" என்று சிரித்தான்.

இருபது பேரோடு, எனக்கே தெரியாமல் பாலத்தைத் தாண்டியிருக்கிறேன். எனக்குப் பயம்கூட வரவில்லை!

சாயங்காலமே முதலாளியிடம் சொன்னேன்.

"வண்டியில ஒரு கீறல் இல்லியே, அப்பறமென்ன? பயந்தாங்கொள்ளி!" என்றார்.

"ஆமாங்க, பயந்தாங்கொள்ளிதானுங்க. அந்தப் பயத்தை நம்பித்தானுங்க சனம் ஏறுது. இனி ஒரு நடைதான். ஆவாதுன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க."

முதலாளி ஒரு வாரம் எனக்கு முகம் கொடுக்கவில்லை. பிறகு மறுநடைக்கு வேறு ஆள் போட்டார்.

இப்போதும், கடைசியாகத் தாண்டிய ஊர் எதுவென்று சட்டென நினைவுக்கு வராவிட்டால், வண்டியை ஓரங்கட்டி முகம் கழுவிச் சற்று உட்காருகிறேன். நேரமாகிறதென்று பிரயாணிகள் சத்தம் போடுகிறார்கள். போடட்டும்.