அம்மா தெளித்த வாசல்

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரும்படி அப்பா சொல்லி நாளாயிற்று. உட்காருவேன், எழுந்துவிடுவேன். அடுப்பைப் பார்த்துவிட்டு வருவேன், ஜன்னலைச் சாத்திவிட்டு வருவேன். "அப்படியே உங்கம்மா" என்றார் அப்பா. இந்த இருப்புக்கொள்ளாமை அம்மா எனக்குக் கொடுத்த சீதனம். ஆகவே உறவினர்களும் நண்பர்களும் என் அவசரத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா பேரிகையில் ராகியும் கோசும் பயிரிடும் குடும்பத்தில், மூன்று அண்ணன்களுக்குப் பின் ஒரே பெண்ணாகப் பிறந்தார். எட்டாவதோடு படிப்பு நின்றது. சந்தையில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், வீட்டில் தமிழ் என்று மூன்றையும் மூச்சு வாங்காமல் பேசுவார். ஊத்தங்கரைப் பக்கத்து மழை காணாத ஊரிலிருந்து ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பிட்டர் வேலைக்கு வந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் பிடித்துப் பந்தியில் உட்கார வைத்தாலும், பாதி இலையில் எழுந்து சாம்பார் வாளியைத் தூக்கிவிடுவார். இதைப் படிக்கும் பலர் அந்த வாளியிலிருந்து சாம்பார் வாங்கியவர்கள்தான்.

எண்பதுகளின் நடுவில் அப்பாவின் கம்பெனி ஜெர்மனியிலிருந்து புதிய மெஷின் வாங்கியது. அதை ஓட்டக் கற்றுவர அப்பாவை ஒரு வருடம் அங்கே அனுப்பினார்கள். கூடப் போனவர்கள் குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அம்மா ஒப்பவில்லை.

"நானும் புள்ளைங்களும் இங்க கதவப் பாத்துக்கிட்டுக் குந்தியிருக்கறதா? நாங்களும் வரோம்" என்றார். எனக்கு அப்போது எட்டு வயது. தம்பி இன்னும் பள்ளிக்கூடத்தில் சேரவில்லை.

சிறிய ஊர் ஒன்றில் மாடி வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் கீழே இருந்தார். மரவேலை செய்பவர், அப்பா வயதுதான் இருக்கும். அவரும் மனைவியும் மட்டும். இரண்டு வீட்டுக்கும் தெருப்பக்கம் ஒரே கதவு, அதற்கு முன்னால் ஒரு கல்படி. போன மறுநாள் விடியும் முன்பே அம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு இறங்கி அந்தப் படியில் தெளித்துவிட்டு வந்தார். சாணிக்கு எங்கே போவது? கோலமாவும் இல்லை. "தண்ணிகூடத் தெளிக்கலன்னா அது வாசலா?" என்றார். தினமும் தெளித்தார். ஈரம் தானாகக் காய்ந்துபோகும். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

டிசம்பர் கடைசியில் பண்டிகைக்காகத் தொழிற்சாலையை மூடினார்கள். கடைகளையும் அடைத்துவிட்டார்கள். அப்பாவுக்கு லீவு என்றதும் நாங்கள் குதித்தோம். குதிக்க இடம் இல்லை. இரண்டு அறைக்குள் நாலு பேர். ஜன்னலுக்கு வெளியே எங்கும் பனி. தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே போய் நிற்பான். அப்பா ரேடியோவைத் திருகுவார், அணைப்பார், மறுபடியும் திருகுவார். அம்மா துடைத்த தரையையே துடைத்தார். ஓசூர் மார்கழியில் வளர்ந்தவர்கள், குளிர் எங்களுக்குப் புதிதா என்று அலட்சியமாக இருந்தோம். அந்தக் குளிர் வேறு மாதிரி இருந்தது.

லீவின் முதல் நாள் காலை. அம்மா வழக்கம்போல வாசல் தெளித்துவிட்டு மேலே வந்து பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். கீழே தடாலென்று சத்தம். அப்பா ஓடினார், நாங்கள் பின்னால் ஓடினோம். வீட்டுக்காரர் படிக்கு வெளியே விழுந்து கிடந்தார். வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முனகினார். அம்மா தெளித்த தண்ணீர் படி முழுக்கக் கண்ணாடியாக உறைந்திருந்தது. எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

அன்று மாலை வீட்டுக்காரர் கையில் மாவுக்கட்டோடு மாடியேறி வந்தார். இடது கையில் எங்களுக்காகப் பண்டிகை ரொட்டி ஒன்று வைத்திருந்தார். அப்பாவிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அந்த ஊரில் வாசலில் பனி வழுக்காமல் உப்புப் போட்டு வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பாம். காலையில் சீக்கிரம் எழுந்து போடாமல் விட்டது தன் தவறு, உங்கள் குழந்தைகள் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், மன்னிக்க வேண்டும் என்றாராம். அப்பா சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் கறுத்தது. அவர் போனபின் அந்த ரொட்டியை அம்மா தொடவில்லை.

"கைய நம்பிப் பொழைக்கற மனுசன். நான் ஊத்துன தண்ணியில விழுந்துட்டு, அவரு வந்து நம்மகிட்ட மன்னிப்பு கேக்கறாரு. நான் போயி சொல்லிட்டு வரேன்."

"கொஞ்சம் சும்மா இரு. கோவத்துல காலி பண்ணுன்னு சொல்லிட்டா, இந்தக் குளிர்ல புள்ளைங்கள எங்க கூட்டிக்கிட்டுப் போறது? கம்பெனியும் மூடிக் கெடக்குது. லீவு முடியட்டும், நானே பதமாச் சொல்றேன்."

"லீவு முடிஞ்சா அவரு கை ஒட்டிக்குமா?"

அப்பா சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் அம்மா அத்தனை தவித்தார். அடுப்படிக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். கீழேயிருந்து வழக்கமாகக் கேட்கும், மரம் இழைக்கும் இழைப்புளிச் சத்தம் நின்றுவிட்டது. அந்தச் சத்தம் வருகிறதா என்று அம்மா அடிக்கடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். மார்கழி மாதமாக இருந்தும் வாசல் தெளிப்பதை விட்டுவிட்டார். பண்டிகையன்று கீழ்வீட்டில் ஒரு பாட்டுக்கூட இல்லை. நானும் தம்பியும் சண்டை போட்டால் அடிக்கும் அம்மா, அந்த நாட்களில் எங்களை அடிக்கக்கூட இல்லை. எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

பண்டிகைக்கு மறுநாள் காலை அப்பா குளிக்கப் போயிருந்தார். அம்மா சொம்பில் தண்ணீர் பிடித்தார். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "வா பாப்பா" என்றார். கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த ஊர்ப் பேச்சில் அம்மாவுக்குத் தெரிந்தது வணக்கமும் நன்றியும் மட்டும். வீட்டுக்காரரையும் மனைவியையும் கையசைத்து வாசலுக்கு அழைத்துப் போனார். அவர்கள் கண்ணெதிரில் சொம்பிலிருந்து அள்ளிப் படியில் தெளித்தார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவருடைய மாவுக்கட்டைக் காட்டினார். மறுபடியும் தெளித்தார், மறுபடியும் நெஞ்சைத் தொட்டார். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படியில் தண்ணீர் இறுக ஆரம்பித்தது.

வீட்டுக்காரர் படியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அவர் மனைவி சத்தமாக ஏதோ சொன்னார். வீட்டுக்காரர் உள்ளே போய்விட்டார். அதற்குள் அப்பா ஈரத் தலையோடு ஓடி வந்தார். "என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க?" என்றார்.

"சொல்லிட்டேன். போகச் சொன்னா போலாம். புள்ளைங்களுக்கு ஸ்வெட்டரப் போடு" என்றார் அம்மா. அம்மா அப்பாவை ஒருமையில் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது இடது கையில் ஒரு வாளி இருந்தது. நிறைய உப்பு. ஒரு பிடி அள்ளிப் படியில் இறைத்தார். எதற்காகத் தண்ணீர் என்று அப்பாவிடம் கேட்டார். லட்சுமி வருவதற்காக என்று அப்பா திக்கித் திணறிச் சொன்னார். லட்சுமி யார் என்பதைச் சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. வீட்டுக்காரர் கேட்டுவிட்டு வாளியை அம்மாவின் காலடியில் வைத்தார். "அந்த அம்மாவும் வழுக்கி விழாமல் வரட்டும்" என்றாராம்.

கட்டுப் பிரிக்கும் வரை அந்த வாசல் அம்மாவின் பொறுப்பாயிற்று. புடவைக்கு மேல் அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு மண்வாரியால் பனியைத் தள்ளுவார். உப்பை விரலிடுக்கில் விட்டுக் கோலம் இழுத்துப் பார்த்தார். சரிப்படவில்லை, வாரி இறைத்துவிட்டு வந்தார். வீட்டுக்காரரின் மனைவி மட்டும் பொங்கல் வரை எங்களோடு பேசவில்லை. அவர்மேல் குறை சொல்ல அம்மா விட்டதில்லை. இழைப்புளிச் சத்தம் மறுபடி கேட்ட அன்று அம்மா எங்களுக்குப் பாயசம் வைத்தார்.

ஓசூர் திரும்பிய பின் வந்த கஷ்டங்கள் உங்களுக்குத் தெரியும். கம்பெனி கதவடைப்புச் செய்த மாதங்களில், வெளி மாவட்டங்களிலிருந்து வந்து தங்கியிருந்த பையன்களுக்கு அம்மா எடுப்புச் சாப்பாடு சமைத்து எங்களைக் காப்பாற்றினார். சாகும்வரை ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. தண்ணீர் ஒருநாளும் உறையாத ஓசூரில் வாசல் தெளித்துவிட்டு, அது காயும் வரை கேட்டருகே நின்று பால்காரர், பேப்பர் பையன், வருவோர் போவோர் எல்லோரிடமும், "பாத்து வாங்க, ஈரமா இருக்குது" என்பார். ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில்கூட, தரை துடைத்த நேரம் வந்த நர்ஸிடம், "பாத்து வா கண்ணு" என்றார். அதன் பிறகு அம்மா அதிகம் பேசவில்லை.

அந்த நர்ஸுக்கும், பேரிகை மாமாக்களுக்கும், அம்மாவைத் தோள்மேல் சுமந்த எடுப்புச் சாப்பாட்டுப் பிள்ளைகளுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் மூன்று வேளையும் சோறு கொண்டுவந்த எதிர்வீட்டு பாய் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி உரியது.

அம்மாவை எடுத்துப் போனதும் பெண்கள் வீட்டையும் வாசலையும் கழுவி விட்டார்கள். சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். என்னால் உள்ளே இருக்க முடியவில்லை. கேட்டருகே நின்று, வந்தவர்களிடமெல்லாம், "பாத்து வாங்க, ஈரமா இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அழுது ஓய்ந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். எல்லோருக்கும் கடைசியில் அப்பா வந்தார். வாசலைப் பார்த்தார். உள்ளே போகாமல் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"காயட்டும்மா. நானும் நிக்கறேன்" என்றார்.