மைதானம் என்று மட்டும் போட்ட சீட்டு

அந்த ஆண்டு, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை மட்டும் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த அறிவியல் ஆசிரியன், அதாவது இதை எழுதுகிறவன், முதல் மாதத்திலேயே பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை எழுதினான். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன். அந்தப் பெருமையெல்லாம் பேனா வழியாக இறங்கியிருந்தது. ‘தங்கள் மேலான வருகையை நல்கிச் சிறப்பிக்குமாறு’ என்று தொடங்கி ஒரு பக்கத்தை நிரப்பி, பள்ளி அலுவலக அறையில் இருந்த எழுத்தர் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க சார். எத்தனை மணிக்கு வரணும்?”

“கடைசிப் பத்தியில இருக்கு.”

“அதுவரைக்கும் யார் படிப்பாங்க? உங்க வீட்டுக்கு இது வந்தா யார் படிச்சுச் சொல்வாங்க?”

“நான்தான்.”

“நீங்கதான் இங்க உக்காந்திருக்கீங்களே.”

சொல்லிவிட்டு ஒரு துண்டுத் தாளை எடுத்து நான்கு வரி எழுதினார். என்ன, எங்கே, எப்போது, பிள்ளை கையில் என்ன கொடுத்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். அறிவியல் கண்காட்சிக்கு இருநூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள்.

பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘கையெழுத்து மிஸ்’. அவர் ஆசிரியை அல்ல, எழுத்தர். ஆனால் மணி அடிப்பதற்கு முன் வராந்தாவில் நின்றுகொண்டு, “கையெழுத்து எங்க? கையெழுத்து எங்க?” என்று கேட்கிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஒவ்வொரு அறிவிப்பின் அடியிலும் புள்ளிக்கோடு போட்ட ஒரு சிறு பகுதி இருக்கும். வீட்டில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு, அதைக் கிழித்துப் பிள்ளையிடம் கொடுத்தனுப்ப வேண்டும். அடிச்சீட்டு என்பார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், முந்நூற்றுப் பன்னிரண்டு அடிச்சீட்டு. ஒன்று குறைந்தாலும் அந்த வீட்டுக்குத் தொலைபேசி போகும்.

இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு பெற்றோர் கூட்டம் நடந்தது. நாற்பது பேர்கூட வரவில்லை. அப்போதிருந்த தலைமையாசிரியர், “இவங்களுக்கெல்லாம் பிள்ளைங்க மேல அக்கறையே இல்ல” என்று அலுத்துக்கொண்டார். அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியில், பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் அந்த அறிவிப்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். கப்பல் விட்டிருந்தார்கள். நல்ல கப்பல்கள், சில இரட்டைப் பாய்மரம். மறுநாளே அடிச்சீட்டு பிறந்தது.

அப்புறம் இருபது ஆண்டுகள். அவரிடம் நீளவாக்கில் ஒரு பதிவேடு இருந்தது. வீட்டுக்கு ஒரு வரி. வரியின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பு: ‘அம்மா இரவு ஷிப்ட், காலையில் கூப்பிடக்கூடாது.’ ‘அப்பாவிடம் சொன்னால் அம்மாவுக்குப் போகாது.’ ‘பெரியப்பா, காது மந்தம், கத்த வேண்டும்.’ ‘இரட்டையர், ஒரு சீட்டு போதும் என்று நினைப்பார்கள், போதாது.’ அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு வந்த எட்டாம் வகுப்புப் பயல் ஒருவனிடம் அவர் கோபப்படவில்லை. “உங்கப்பா கையெழுத்து மாசாமாசம் அழகாயிட்டே வருதுடா. எங்க போய்க் கத்துக்கறாரு?” என்றார். அவனுக்குக் காது சிவந்துவிட்டது.

வீட்டில் அவர் கணவருக்கு இது பெரிய கேலிப்பொருள். “ஊருல எல்லா வீட்டுக்கும் சேதி சொல்றே. இந்த வீட்டுல குழம்பு எந்தப் பாத்திரத்துல இருக்குன்னு ஒரு சீட்டு எழுதி வெச்சிட்டுப் போகக்கூடாதா?”

“எழுதினா கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருவீங்களா?”

“சாப்பிட்ட தட்டே சாட்சி.”

அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு அறிவிப்பும் ஒரு பரிட்சை எழுதும். பரிட்சை நடக்கும் இடம் பள்ளியின் வாசல். எழுதப் படிக்கத் தெரியாத காவலாளியின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அறிவிப்பை ஒரே ஒரு முறை வாசித்துக் காட்டுவார். பிறகு தாளை மடக்கிவிட்டுக் கேள்வி கேட்பார்.

“என்னண்ணே நடக்குது?”

“கண்ணு டாக்டர் வர்றாரு.”

“என்னிக்கு?”

“புதன். காலையில. ஏழாம் வகுப்புக்கு மட்டும். ஏன் தங்கச்சி, எனக்கெல்லாம் பார்க்க மாட்டாரா?”

காவலாளி திருப்பிச் சொன்னால் அறிவிப்பு அச்சுக்குப் போகும். திணறினால் அவர் திரும்ப எழுதுவார். தலைமையாசிரியர்கள் நான்கு பேர் மாறினார்கள். வாசல் பரிட்சை மாறவில்லை.

ஐந்தாவதாக வந்த தலைமையாசிரியை சுறுசுறுப்பானவர். வந்த ஆண்டே பள்ளிக்கு ஒரு செயலி வாங்கினார். கணினி ஆசிரியர் தம் கைப்பேசியில் ஒரு வரி தட்டினால் எல்லா வீட்டுக் கைப்பேசிக்கும் போய்விடும். முந்நூற்றுப் பன்னிரண்டு தாள், அதை வெட்ட ஓர் ஆள், எண்ண ஓர் ஆள், தொலைபேசிக்கு ஒரு நாள் எல்லாம் மிச்சம்.

“யார் யார் படிச்சாங்கன்னு அது காட்டுமா மேடம்?” என்று கேட்டார் கையெழுத்து மிஸ்.

“போய்ச் சேர்ந்துச்சான்னு காட்டும்.”

“போய்ச் சேர்றது வேற, படிக்கறது வேற.”

தலைமையாசிரியை கெட்டவர் அல்ல. கொஞ்சம் யோசித்தார். “சரி. விளையாட்டு விழாவுக்கு ரெண்டும் போகட்டும். உங்க சீட்டும் போகட்டும், செயலியும் போகட்டும். சீட்டு இல்லாம முடியாதுன்னு எனக்குக் காட்டுங்க, வெச்சிக்கலாம். இல்லன்னா இதோட நிறுத்திடுவோம்.”

அடிச்சீட்டின் தலைவிதி விளையாட்டு விழாவில் முடிவாகும் என்பது ஆசிரியர் அறை முழுக்கத் தெரிந்துவிட்டது. உடற்பயிற்சி ஆசிரியர் சீட்டுப் பக்கம். கணினி ஆசிரியர் வெளியில் சொல்லவில்லை, ஆனால் அவர் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவும் இல்லை.

கையெழுத்து மிஸ் அந்த அறிவிப்புக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டார். கடைசியில் நான்கு வரியில் வந்து நின்றது. சனிக்கிழமை விளையாட்டு விழா. காலை எட்டு மணிக்கு மைதானத்துக்கு வந்துவிடுங்கள். முதல் ஓட்டம் ஆறாம் வகுப்பு. பிள்ளைக்குத் தொப்பியும் தண்ணீரும் கொடுத்தனுப்புங்கள். வாசலுக்குப் போய் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார்.

“என்னிக்கண்ணே?”

“சனிக்கிழமை.”

“எத்தனை மணிக்கு?”

“எட்டு. ஆறாம் வகுப்பு முதல்ல ஓடுது.”

“எங்க?”

“தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி.”

“கையில என்ன?”

“தொப்பி, தண்ணி.”

அறிவிப்பு அச்சுக்குப் போனது. கணினி ஆசிரியர் அதையே பார்த்து எழுத்துப் பிசகாமல் செயலியில் அனுப்பினார். வியாழக்கிழமை மாலைக்குள் முந்நூற்று ஒன்பது அடிச்சீட்டு திரும்பி வந்தது. பாக்கி மூன்று வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். இருபது ஆண்டுகளில் இவ்வளவு சீக்கிரம் வந்ததே இல்லை. அன்று அவர் வீட்டுக்கு ஒரு பேருந்து முன்னதாகவே போய்விட்டார்.

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு மைதானம் நிறையத் தொடங்கியது. பள்ளிக்குள்ளேயே ஒரு மைதானம் உண்டு. ஆனால் அதில் ஓட்டப்பாதை போட முடியாது என்பதால், விளையாட்டு விழா மட்டும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பெரிய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள வாடகை மைதானத்தில் நடக்கும். பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்து வீட்டுப் பக்கத்திலிருந்தே நேராக அங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டது. சைக்கிள்களைப் பார்த்துக்கொள்ளக் காவலாளியும் அங்கேதான் இருந்தார். பள்ளி வாசல் பூட்டியிருந்தது.

பெற்றோர் உட்கார மூன்று பந்தல். வகுப்புக்கு ஒன்று. ஏழாம் வகுப்புப் பந்தலில் இடமில்லை. எட்டாம் வகுப்புப் பந்தலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஆறாம் வகுப்புப் பந்தலில் ஆறேழு பேர், எல்லாரும் அக்காவோ அண்ணனோ இதே பள்ளியில் படித்த வீட்டுக்காரர்கள். மீதி நாற்காலிகள் வெயிலைப் பார்த்துக்கொண்டு கிடந்தன.

கோட்டில் நின்ற ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பந்தலையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். “எங்கப்பா கடையை அடைச்சிட்டு வரேன்னாரு” என்று ஒரு பெண் பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “எங்கம்மாவும்தான்” என்றாள் அவள்.

கையெழுத்து மிஸ் கையில் இருந்த அறிவிப்பைப் பிரித்துப் படித்தார். இரண்டாவது வரியில் கண் நின்றது. மைதானம். எந்த மைதானம்? தாளில் இல்லை. காவலாளி தாளில் கேட்டதை வைத்து அதைச் சொல்லவில்லை, இத்தனை ஆண்டு இங்கே இருந்ததால் சொல்லிவிட்டார். ஏழும் எட்டும் போன ஆண்டே வந்து பார்த்தவர்கள். ஆறாம் வகுப்பின் மற்ற வீட்டுக்காரர்கள் நூறு பேரும் இந்நேரம் பள்ளி வாசலில் நிற்பார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் நிற்பார்கள்.

அவர் முகத்தைப் பார்த்தே உடற்பயிற்சி ஆசிரியருக்கு விஷயம் புரிந்துவிட்டது. காதோரம் வந்து சொன்னார்: “செயலியிலயும் அதேதான்க்கா போயிருக்கு. ஆளுக்குப் பாதின்னு விட்ருங்க. ஏன் நீங்களே போய்த் தலையைக் குடுக்கறீங்க? மேடத்துக்கு இன்னும் தெரியாது.”

“ஓட்டம் ஆரம்பிக்க எத்தனை நிமிஷம்?”

“நாலு.”

அவர் மேடைக்கு நடந்தார். தலைமையாசிரியை சிறப்பு விருந்தினருடன் பேசிக்கொண்டிருந்தார்.

“மேடம், ஆறாம் வகுப்பைக் கடைசியில ஓட விடலாமா?”

“ஏன்? நிகழ்ச்சி நிரல் அச்சடிச்சாச்சே.”

“அவங்க வீட்டுக்காரங்க ஸ்கூல் வாசல்ல நிக்கறாங்க. நோட்டீஸ்ல எந்த மைதானம்னு போடல.”

“யாரு போடல?”

“நான்தான். கம்ப்யூட்டர் சார் என்னுதைப் பார்த்துத்தான் அனுப்பினாரு. அவரு மேல தப்பு இல்ல.”

தலைமையாசிரியை காலியான பந்தலைப் பார்த்தார். “எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்கன்னீங்க?”

“போட்டாங்க. போட்டதால தெரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்.”

“இப்ப எப்படிச் சொல்லப்போறீங்க? ஆபீஸ் போன் பூட்டின ரூமுக்குள்ள இருக்கு.”

“செயலியிலதான் சொல்லணும்,” என்றார் கையெழுத்து மிஸ். “சீக்கிரமாப் போறது அது ஒண்ணுதான்.”

தன் வாயாலேயே சொல்லிவிட்டார். தலைமையாசிரியை ஒலிபெருக்கியை வாங்கி, எட்டாம் வகுப்பு முதலில் ஓடும் என்று அறிவித்தார். கணினி ஆசிரியர் கைப்பேசியோடு ஓடி வந்தார். கையெழுத்து மிஸ் நின்ற இடத்திலேயே சொல்லச் சொல்ல அவர் தட்டினார்.

‘ஆறாம் வகுப்பு வீட்டாருக்கு. விழா பள்ளிக்கூடத்தில் இல்லை. வாசலில் நிற்பவர்கள் இடப்பக்கம் திரும்பி நேராக வாருங்கள். பெரிய தண்ணீர்த் தொட்டி தெரியும். அதற்குப் பின்னால் உள்ள மைதானம். தவறு எங்களுடையது. உங்கள் பிள்ளை இன்னும் ஓடவில்லை.’

“கடைசி வரி வேணுமாக்கா?” என்று கேட்டார் கணினி ஆசிரியர்.

“அதுதான் வேணும். இல்லன்னா திரும்பிப் போயிடுவாங்க.”

கால் மணி நேரத்தில் முதல் இருசக்கர வண்டி வந்தது. அப்புறம் திபுதிபுவென்று வந்தார்கள். நடந்து வந்தவர்கள், ஒரே ஆட்டோவில் எட்டுப் பேராக வந்தவர்கள், வேலைச் சட்டையோடு ஓடிவந்த ஒரு வெல்டர். ஓர் அம்மா நேராக அவரிடம் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

“கையெழுத்து வாங்கத் தெரியுதுல்ல, எடம் எழுதத் தெரியாதா உங்களுக்கு?”

“எழுதியிருக்கணும். மன்னிச்சிக்குங்க. மூணாவது வரிசையில எடம் இருக்கு, போய் உக்காருங்க.”

ஆறாம் வகுப்பு பதினொன்றரை மணிக்கு, நல்ல வெயிலில் ஓடியது. பந்தல் கூச்சலில் யார் ஜெயித்தார்கள் என்பதே முதலில் கேட்கவில்லை. ஏழு வீட்டுக்காரர்கள் மட்டும் வரவில்லை. பூட்டிய வாசலைப் பார்த்து, விழா ரத்து என்று நினைத்துத் திரும்பி, கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த ஏழு பிள்ளைகள் யாரும் பார்க்காமல்தான் ஓடினார்கள். திங்கள் மாலை தொடங்கி மூன்று நாளில் அந்த ஏழு வீட்டுக்கும் அவர் நேரிலேயே போய்விட்டு வந்தார். ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை. மற்ற வீடுகளில் உட்காரச் சொன்னார்கள்.

காவலாளிக்கு மனத்தாங்கல். “நான் சரியாத்தானே தங்கச்சி சொன்னேன்?”

“சரியாத்தான் சொன்னீங்கண்ணே. நீங்க தப்பாச் சொல்லியிருந்தா நான் சரியா எழுதியிருப்பேன்.”

“பாஸ் ஆனதுக்குப் பேச்சு வாங்கற மொத ஆளு நான்தான் போல,” என்றார் காவலாளி.

அந்த வாரமே தலைமையாசிரியை அவரை அறைக்குக் கூப்பிட்டார். பேச்சு சுருக்கமாக முடிந்தது. அடிச்சீட்டு இனி இல்லை. ஆனால் செயலியில் போகும் எந்த அறிவிப்பையும் அவர் எழுதாமல் அனுப்பக்கூடாது. அவர் சரி என்றார். அதே அறையில் இன்னொரு விஷயமும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேரும் வீட்டாரை முதல் வாரமே வரவழைத்து, பள்ளி, மைதானம், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் நடத்திக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும்.

இன்றும் அவர் அதே அலுவலக அறையில் இருக்கிறார். மேசையில் ஒரு கைப்பேசி வந்திருக்கிறது, அறிவிப்புகளை அவரே எழுதி அவரே அனுப்புகிறார். செயலி வேலை செய்யாத கைப்பேசி வைத்திருக்கும் பத்தொன்பது வீட்டுக்கு இப்போதும் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்கிறார். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை ஆண்டு பாக்கி இருக்கிறது.