நான்கு கட்டைச் சுருதி

பாலக்கரையில் சுருட்டுச் சுற்றிப் பிழைத்த லூர்துராணி பாட ஆரம்பித்தால் கோயில் முழுக்க அவள் பின்னால் போகும். அவள் சுருதி நான்கு கட்டை. பொன்மலை ரயில்வே ஆபீஸ் கிளார்க் அமிர்தசாமி ஏழு வருடம் ஹார்மோனியத்தில் அவளைப் பின்தொடர்ந்தார்.

1957இல் குழாய் ஆர்கன் கப்பலில் வந்தது. பீடத்துக்கு எதிரே, வாசலுக்கு மேலிருந்த மாடியில் பொருத்தினார்கள். அமிர்தசாமி நான்கு மாதம் பழகினார். முதல் ஞாயிறு பூசை முடிந்து படியிறங்கும்போது பாடகர் ரோசரி கேட்டார்:

"என்ன சார், கப்பல்ல வந்த பெட்டியும் அந்தம்மா பின்னாடிதான் ஓடுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அமிர்தசாமியும் சிரித்தார்.

மாதா திருநாள் பூசையில் மாதா பாட்டை ஆறு கட்டையில் எடுத்தார். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது அடி மேலேறும் இடத்தில் லூர்துராணியின் குரல் உடைந்தது. பீடத்தைப் பார்க்க ஆர்கன் மேல் மாட்டியிருந்த கண்ணாடியில் அவள் முந்தானையால் வாயைப் பொத்துவது தெரிந்தது. அவர் நிறுத்தவில்லை. ஜனங்கள் ஆர்கனைப் பிடித்துக்கொண்டு பாடி முடித்தார்கள்.

அடுத்த வாரமே நான்கு கட்டைக்கு இறங்கினார். அவள் குரல் மாடி வரை வரவில்லை. கண்ணாடியில் தெரியாத கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார்.

"ஜனங்களைப் பாட வைக்கத்தானே ஆர்கன் வாங்கினோம்? இப்ப பாடுறாங்க. இதுல பாவம் என்னய்யா?" என்ற சாமியார், மூன்று முறை அருள்நிறை மந்திரம் சொன்னால் போதும் என்றார். அமிர்தசாமி முப்பது முறை சொன்னார்.

மூன்று வருடம் கழித்து, ஒரு ஞாயிறு காலை, பூசைக்கு முன் அவள் வீட்டுக்குப் போனார். அடுப்பில் ஆடாதொடைக் கஷாயம் கொதித்தது.

"வாங்க தம்பி. நல்லா வாசிக்கிறீங்க. என் தொண்டைதான் போச்சு."

"போகலைங்க அக்கா. அன்னிக்கு நான்தான் வேணும்னே சுருதியை ஏத்திட்டேன். ரெண்டு கட்டை."

"அப்ப என் தொண்டைக்கு ஒண்ணுமில்லையா?"

"இல்லைங்க."

"மூணு வருஷமா இந்தக் கசப்பைக் குடிக்கிறேனே, தம்பி."

சுவரைப் பார்த்துத் திரும்பி அந்தப் பாட்டின் முதலடியைப் பாடினாள். வந்தது. இரண்டாவது அடியில் கம்மி நின்றது. மறுபடி எடுத்தாள். அங்கேயே நின்றது.

"பாடாமயே விட்டுட்டேன்ல, அதான்" என்றாள், அவரைத் தேற்றுவதுபோல. "நீங்க போங்க. பூசைக்கு நேரமாச்சு."

1968 வரை அமிர்தசாமி வாசித்தார். நான்கு கட்டையை விட்டு ஏறவே இல்லை. ஆர்கன் மந்தமாக இருக்கிறது என்று ரோசரி எல்லோரிடமும் சொன்னார். அமிர்தசாமி மறுக்கவில்லை.