மச்சாள் சூடிய இலை

என் அடுப்புக்கு மேலே ஓர் ஆணியில் காய்ந்த இலை வளையம் ஒன்று தொங்குகிறது. அல்லோரோ இலை, நம் பிரிஞ்சி இலை மாதிரி. இத்தாலியின் சிசிலித் தீவில், இந்தப் பலெர்மோ நகரில் பட்டம் பெறுகிறவர்களின் தலையில் இதைத்தான் சூட்டுவார்கள். நான் சமைக்கும் உணவகத்திலோ இதே இலையை இறைச்சிக் குழம்பில் போட்டு, வெந்ததும் எடுத்து எறிந்துவிடுவோம். இலையோடு தினமும் பழகுகிறவன் நான். அதைத் தலையில் சூடியது என் மாமா மகள், மச்சாள்.

நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரே ஒழுங்கையில் வளர்ந்து ஒரே வகுப்பில் படித்தோம். பதின்மூன்று வயதில், அடுத்து எந்தப் பள்ளிக்கூடம் என்று ஆலோசனை சொல்லப் பெற்றோரைக் கூப்பிட்டார் வகுப்பாசிரியை. தன் பெயரையே பிழையாக எழுதும் என் பக்கத்து மேசை இத்தாலியப் பையனுக்கு, பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் லிச்சேயோ. எனக்கும் மச்சாளுக்கும் சமையல் பழக்கும் ஹோட்டல் பள்ளிக்கூடம். இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்குக் கைவேலை நன்றாக வருமாம். அம்மாவுக்கும் மாமிக்கும் இத்தாலியன் ஓடாது, மொழிபெயர்ப்பாளர்கள் நாங்கள்தான். நான் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். அம்மா நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். அடுத்து மாமியின் முறை. மச்சாள் கண்ணிமைக்காமல் சொன்னாள்: "ரீச்சர் என்னை லிச்சேயோவுக்கு விடச் சொல்லுறா அம்மா. ஓம் எண்டு தலையாட்டுங்கோ." மாமி ஆட்டினார். ஆசிரியையும் சிரித்தபடி ஆட்டினார். அவர் சொன்னது ஆலோசனைதான், பதிவது பெற்றோர்; மாமி லிச்சேயோவில் பதிந்தார். என் நேர்மை என்னைச் சமையலறைக்கு அனுப்பியது. அவள் பொய் அவளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. அன்று தொடங்கிய எரிச்சல் எனக்கு.

பிறகு அவள் எழுதிய ஆய்வும் இதைப் பற்றித்தான்: குடியேறியவர்களின் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலுக்கு முன்பே எப்படித் திருப்பிவிடப்படுகிறார்கள் என்று. அதில் பெயரில்லாத சமையல்காரனாக நானும் வருகிறேன். எல்லோர் முன்னிலையிலும் நடந்த வாய்மொழித் தேர்வில் கடைசி வரிசையில் இருந்தேன். 'சிறப்புப் பாராட்டு' கிடைத்தால்தான் அங்கேயே ஆய்வைத் தொடரலாம் என்று அவள் நம்பியிருந்தாள். தலைமைப் பேராசிரியர் கேட்டார், இது உங்கள் சொந்தக் கதையல்லவா, ஆய்வாளருக்கு வேண்டிய தூரம் எங்கே என்று. சிசிலியைப் பற்றி எழுதும் சிசிலிக்காரரிடமும் இந்தத் தூரத்தைக் கேட்பீர்களா என்றாள் மச்சாள். பட்டம் கிடைத்தது, பாராட்டு கிடைக்கவில்லை.

எனக்குள் எள்ளளவு சந்தோஷம் எட்டிப் பார்த்தது, மறைப்பானேன். ஆனால் படியிறங்குவதற்குள் அது கசந்துவிட்டது. சொந்தக் கதை என்று அந்த மனிதர் ஒதுக்கியதில் பாதி என் கதை.

வெளியே அவள் வளையத்தைக் கழற்றி என் தலையில் வைத்தாள்.

"பாதி உன்ர கதை, மச்சான். வைச்சிரு."

"அப்ப பாதிப் பட்டமும் தாவன்."

"அதுக்கு நீ அண்டைக்குப் பொய் சொல்லியிருக்கோணும்."

இப்போது இத்தாலியின் வடக்கே வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறாள். இவ்வளவு நல்ல இத்தாலியன் எங்கே படித்தீர்கள் என்று அங்கேயும் முதல் நாளே கேட்டார்களாம். பலெர்மோவின் பல்லரோ சந்தை மீன்கடையில் என்றாளாம். அந்தப் பதில் எனக்குத் தோன்றியிருக்காது. அதற்கும் சேர்த்துப் பொறாமை.

வீட்டில் குழம்புக்கு இலை தீர்ந்துபோனால் கை தானாக ஆணிப் பக்கம் போகும். ஒன்றைக்கூடப் பிய்த்ததில்லை. ஏன் என்று மனைவி கேட்டால், பழைய இலையில் வாசம் இல்லை என்பேன். பொய் சொல்ல இப்போதுதான் பழகிவருகிறேன்.