பேனர் சுற்றிய பட்டறை

நான் வேலை பார்த்த இடங்களில் பாதிக்குப் பட்டறை என்றுதான் பெயர். கோவில்பட்டியில் இரும்படிக்கும் பட்டறை, கயத்தாறு சாலையில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறை. ஒரு முறை கல்யாண மண்டபத்தில் நடந்த பயிற்சிப் பட்டறைக்கு நாற்காலி தூக்கினேன். அங்கே சுத்தியலும் இல்லை, கரியும் இல்லை. பேசினார்கள், பிரியாணி தின்றார்கள், போனார்கள். இத்தனையிலும் நினைத்தாலே குமட்டுவது வெங்காயப் பட்டறைதான்.

கரிசல்காட்டில் சின்ன வெங்காயத்தைச் சேர்த்து வைக்கும் அடைப்புக்கும் அதே பெயர். அடியில் கல் பரப்பி, சுற்றிலும் பருத்திமாறு கட்டி, மேலே மட்டும் சோளத்தட்டையால் மூடுவார்கள். காற்று உள்ளே ஓட வேண்டும். கடம்பூர்ப் பக்கம் வெள்ளாமை பார்க்கும் ஒரு சம்சாரி, புரட்டாசி விதைப்புக்கான வெங்காயம் முழுவதையும் இப்படிப் போட்டிருந்தார். கோடை மழைக்குப் பயந்து, பழைய கட்சிப் பேனரைத் தரைவரை சுற்றிக் கயிற்றால் இறுக்கிவிட்டார். மழை விட்ட பின்னும் அவிழ்க்கவில்லை. பிரிக்க என்னைக் கூப்பிட்டார்.

பேனரை விலக்கினேன். கை வைத்த இடமெல்லாம் கூழ். புழு மணிக்கட்டில் ஏறியது. கல்லிடுக்கில் கறுப்பாக நீர் வடிந்தது. செத்த ஆட்டைப் புதைத்திருக்கிறேன். அந்த நாற்றம் தேவலை.

"மேலதான் அழுகியிருக்கும். உள்ள கெட்டியா இருக்கும், தள்ளிப் பாருடே" என்றார் சம்சாரி.

"உள்ளதான் அண்ணாச்சி மோசம்."

அவர் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "இப்படிப் போத்தி விட்டியளே, தாலாட்டும் பாடியிருக்கலாம்லா."

"ஏட்டி, மழையில நனையாதா?"

"நனைஞ்சது காஞ்சிரும். இது வெந்துல்லா போச்சு."

சம்சாரி குனிந்து, பாதி அழுகியவற்றை வேட்டியில் துடைத்துத் துடைத்துக் கூடையில் போட்டார். "இதெல்லாம் முளைக்கும்" என்றார். ஒன்றை அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. அந்த அம்மா கூடையைத் தூக்கிக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டுப் புருசனிடம் சொன்னார்:

"வெங்காயத்துக்கு வச்ச நிலத்துல உளுந்து வெதைங்க. வெங்காயப் பேச்சு இந்த வருசம் வேண்டாம்."

தேறியது புடைக்கிற சுளகில் ஒரு சுளகு. ஒரு பாத்தி விதைக்கக்கூடப் போதாது. குழம்புக்கு ஆகும் என்று அந்த அம்மா அதை உள்ளே கொண்டு போனார்.

சம்சாரி பேனர் கட்டிய கயிற்றைச் சுருட்டினார். பிறகு என்னிடம் சொன்னார்: "பேனரைக் கழுவி மடிச்சு வையிடே. வார வருசத்துக்கு ஆகும்."

பேனரில் கும்பிட்டுச் சிரிக்கும் தலைவரின் பல்லில் புழு நெளிந்தது. அதையும் தேய்த்துக் கழுவினேன்.