கேமரா அக்காவின் வாய்

கேமரா ரிப்பேர் கடை அக்காவுக்குக் கை தங்கம், வாய் தேள் கொடுக்கு. பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் போடும் எனக்கு அவர் விடும் திட்டெல்லாம் ஓசியில் காதில் விழும்.

"படமே பதிவாக மாட்டேங்குது" என்று ஒருவர் வருவார். அக்கா மெமரி கார்டை உருவி, பதிவைத் தடுக்கும் அதன் ஓரத்துப் பூட்டைத் தள்ளிவிட்டு நீட்டுவார். "கோளாறு கேமராவுல இல்ல சார், உங்ககிட்ட." படத்தில் கரும்புள்ளி விழுகிறது என்று வந்த இன்னொருவர், லென்ஸைக் கழற்றி உள்ளே வாயால் ஊதினதாகப் பெருமையடித்துக்கொண்டார். "ஊதுனீங்களா, துப்புனீங்களா?" என்றார் அக்கா. மற்ற மெக்கானிக்குகள் எதற்கெடுத்தாலும் "கான்டாக்ட் ப்ராப்ளம்" என்று சொல்லி வந்தவர் மானத்தைக் காப்பாற்றிவிடுவார்கள். அக்காவிடம் அந்தப் பேச்சே கிடையாது.

ஒருநாள் அவருடைய அண்ணனே வந்தார். கல்யாண போட்டோகிராபர். ஆட்டோ ஃபோகஸில் எடுப்பவனெல்லாம் ஒரு ஆளா என்று அலட்டிக்கொண்டு, லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்பித்தான் எடுப்பார். கடைசியாக எடுத்த கல்யாணத்தில் மாப்பிள்ளை யார், பெண் யார் என்றே தெரியாத அளவுக்கு மங்கல். பெண் வீட்டார் அடிக்காத குறைதான். இன்னொரு தடவை இப்படி ஆனால் தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"லென்ஸ்ல ஏதோ கோளாறும்மா, பாரேன்."

கண் வைத்துப் பார்க்கும் துளைக்குப் பக்கத்தில், அவரவர் பார்வைக்குத் தக்கபடி திருப்பிக்கொள்ள ஒரு சின்னச் சக்கரம் உண்டு. அது கடைசிவரை திருகிக் கிடந்தது. அக்கா அதைத் தன் கண்ணுக்குச் சரிசெய்து, சுவர்க் காலண்டரை ஒரு படம் எடுத்தார். எழுத்தெல்லாம் பளிச். அண்ணன் சக்கரத்தை மறுபடி கடைசிவரை திருகி எடுத்தார். ஒரே மங்கல்.

எனக்கே புரிந்துவிட்டது. அக்கா இப்போது வெடிப்பார் என்று மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

அக்கா லென்ஸைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "கான்டாக்ட் ப்ராப்ளம்ணா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அண்ணன் கேமராவைத் தொடவில்லை. "போன கடையிலயெல்லாம் இதையேதான் சொன்னாங்க. நீதான் மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன்னு வந்தேன். நீயுமா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"கேமராவுல ஒண்ணும் இல்லண்ணா. உன் கண்ணுதான். எந்திரி, டாக்டர்கிட்ட போலாம்."

"பயமா இருக்கும்மா."

"எனக்கு மட்டும் இல்லையா? நட."